அலுமினியச் சட்டியில் காஸ்டிக் சோடா: உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

சோப்புச்சட்டி

எங்கள் வீட்டில் பாத்ரூம் ஆசிட் பாட்டில் பரணில் இருக்கும், குழந்தைக்கு எட்டக்கூடாது என்று. காஸ்டிக் சோடா டப்பாவை நான் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவ்வளவுதான் என் வேதியியல் அறிவு.

போன வருடம் வீட்டிலேயே சோப்பு செய்யலாம் என்று இறங்கினேன். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 180 கிராம் காஸ்டிக் சோடா கணக்கு, அதில் கொஞ்சம் குறைத்தே போட வேண்டும், அப்போதுதான் சோப்பில் எண்ணெய் மிஞ்சும், காரம் மிஞ்சாது. இதெல்லாம் படித்து எழுதி வைத்திருந்தேன். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, அதுவும் தெரியும். எந்தப் பாத்திரத்தில் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பழைய அலுமினியச் சட்டி ஒன்று சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

போட்டதும் அடுப்பில்லாமலே கொதிக்க ஆரம்பித்தது. சூடு கிளம்பும் என்று படித்திருந்ததால் இதுதான் போல என்று நின்று வேடிக்கை பார்த்தேன். பொங்குவது நிற்கவில்லை, தண்ணீர் சாம்பல் நிறமாகி, தொண்டையை அடைக்கிற மாதிரி ஆவி வேறு. பயந்துபோய் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடும்போது மணிக்கட்டில் கொஞ்சம் சிந்தியது. எரிச்சலே இல்லை. வழவழவென்று சோப்பு நுரை பட்ட மாதிரி இருந்தது, துப்பட்டாவில் துடைத்துவிட்டு சட்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

சில நிமிடம் கழித்து முதலில் அரிப்பு, அப்புறம் எரிச்சல், அப்புறம் அழுகை. அத்தை எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார், "காரத்துக்கு ஆசிட்டை விட்டா சரியாயிடும்" என்று. என் கணவரும் உள்ளேயிருந்து "ஆமா, நியூட்ரலைசேஷன்" என்கிறார்! பக்கத்து வீட்டில் நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா வந்து பழத்தைத் தட்டிவிட்டு, கையைக் குழாய்க்கு அடியில் பிடித்து வைத்தார். இருபது நிமிடத்துக்கு மேல். எடுக்கவே விடவில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மறுநாள் சட்டியைக் கழுவிப் பார்த்தால் அடி கறுத்து, சொரசொரப்பாகி, வெளிச்சத்தில் பிடித்தபோது ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை.

எனக்குப் புரியாதது இரண்டு. பட்டவுடனே ஏன் வலிக்கவில்லை? சட்டிக்கு என்ன ஆனது? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பழைய வாத்தியார்

அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன், அந்த நேரத்தில் பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா? இல்லையென்றால் தப்பித்தீர்கள். பொங்கியதில் பாதி, சோடா தண்ணீரில் கரையும்போது வரும் வெப்பம், அது எந்தப் பாத்திரத்திலும் வரும். மீதி ஹைட்ரஜன். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது, அதுதான் சட்டியைக் காப்பாற்றுகிறது. புளி, மோர் மாதிரி வீரியம் குறைந்தவற்றை ஓரளவு தாங்கும். ஆனால் அது ஈரியல்பு ஆக்சைடு, வலிய அமிலத்திலும் கரையும், வலிய காரத்திலும் கரையும். படலம் போனதும் உள்ளே இருக்கும் உலோகம் வெறும் உடம்போடு நிற்கிறது. சோடா அதைத் தின்ன ஆரம்பித்துவிடும். எஃகுப் பாத்திரம் எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வலிக்காததற்கு வருகிறேன். அந்த வழவழப்பு சோடாவினுடையது என்றா நினைத்தீர்கள்? உங்கள் தோலில் இருக்கும் கொழுப்பு சோப்பாக மாறிய வழவழப்பு அது. சட்டியில் எண்ணெய்க்குச் செய்ய நினைத்ததை உங்கள் கையில் செய்திருக்கிறது. அமிலம் பட்டால் தோலின் புரதம் முட்டை வெந்த மாதிரி திரைந்து ஒரு பக்குக் கட்டும், அந்தப் பக்கே மேற்கொண்டு அமிலம் இறங்காமல் கொஞ்சம் தடுக்கும். காரம் அப்படியில்லை, திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். வலி தெரிவதற்குள் அது பாதி வேலையை முடித்திருக்கும். எலுமிச்சையைத் தடுத்த நர்ஸம்மாவுக்கு என் வணக்கம். நடுநிலையாக்கல் சோதனைக் குழாயில் அழகான வினை, ஆனால் அதில் வெப்பம் வரும். ஏற்கெனவே வெந்த தோலில் அது வேண்டாம். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

என் கதை பி.எஸ்ஸி. முதல் வருடத்தில். அப்போதெல்லாம் திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயை வாயால்தான் உறிஞ்சுவோம். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நன்றாக நீர்த்த காஸ்டிக் சோடா, கவனம் எங்கேயோ இருந்தது, ஒரு மடக்கு வாய்க்குள் வந்துவிட்டது. நாக்கு, ஈறு எல்லாம் வழுக்கியது, ஒரு கசப்பு இரண்டு நாள் போகவில்லை. அமிலம் புளிக்கும், காரம் கசக்கும் என்று பிறகு 34 வருடம் பாடம் நடத்தும்போது நான் மனப்பாடமாகச் சொல்லவில்லை, ருசி பார்த்தே சொன்னேன்.

பிப்பெட் என்றதும் தரம்பார்த்தல் வகுப்பில், அதாவது அமிலத்தில் காரத்தை விட்டு அளவு பார்க்கும் சோதனையில், ஒரு பையன் ஞாபகம் வருகிறான். காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் போட்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் எனக்குக் காட்டக் குடுவையைக் கலக்கிக்கொண்டே ஓடி வந்தான். வந்து சேர்வதற்குள் நிறம் போய்விட்டது. அழுதே விட்டான். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்த ஒரு சொட்டுக் காரத்தைத் தின்றுவிட்டது, உன் தப்பில்லை என்று சொல்லி மதிப்பெண் போட்டேன்.

பி.எச். என்றால் என்ன என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1909இல் சோரன்சென் என்பவர் கொண்டுவந்த அளவு. அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை வைத்திருந்த ஆய்வகத்தில்! 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம், அது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது என்னவென்றால், ஒரு படி ஏறினால் பத்து மடங்கு. குளிக்கிற சோப்பு நீர் 9, உங்கள் சட்டியில் இருந்தது 14. வித்தியாசம் ஐந்து என்று தோன்றும். ஒரு லட்சம் மடங்கு அம்மா.

சோப்புச்சட்டி

அடுப்பு எரியவில்லை சார். நல்லவேளை. ஆனால் காரம் கசக்கும் என்கிறீர்கள், மிளகாய் உறைக்கிறதே? அதுவும் காரம்தானே?

பழைய வாத்தியார்

வருடா வருடம் ஒரு பிள்ளை இதைக் கேட்கும். பெயர் மட்டும்தான் ஒன்று. மிளகாய் உறைப்பதற்குக் காரணம் கேப்சைசின், அது வேறு சமாச்சாரம். பெயரை நம்பினால் இன்னும் மாட்டிக்கொள்வீர்கள். ஆசாரி நகைப் பற்றுக்கு வைக்கும் வெங்காரம் உண்மையிலேயே காரம். சவரம் செய்த பிறகு தேய்க்கும் படிகாரம் தண்ணீரில் கரைத்தால் அமிலம். சவுக்காரம் என்று சோப்புக்குப் பெயர் வைத்தவர் மட்டும் சரியாக வைத்திருக்கிறார்.

பருத்தித்துறை

எங்களுக்கு இன்றைக்கும் அது சவர்க்காரம்தான். ஆனால் எங்கட பாடப்புத்தகத்தில் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் 'மூலம்'. சென்னையில் படிக்க வந்த புதிதில் ஆய்வுகூடத்தில் "சேர், இதில் மூலம் கூடிவிட்டது" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று விடுதிக்கு வந்துதான் விளங்கியது.

பால்வெட்டு

குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டம். எங்களுக்கு ஆசிட்டும் காரமும் தினசரி வேலை. வெட்டி எடுத்த பாலைத் திரளாமல் நாள் கணக்கில் வைக்க வேண்டும் என்றால் அமோனியா ஊற்ற வேண்டும், ஷீட் அடிக்க வேண்டும் என்றால் பார்மிக் ஆசிட். பாலில் ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, ஆசிட் விழுந்ததும் அந்தத் தள்ளல் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தயிர் உறைவதும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்று வேளாண்மைப் படித்த மருமகன் சொன்னான்.

ஒரு மழைநாள் அவசரத்தில், தண்ணீர் கலக்காத ஆசிட் விரலில் பட்டுவிட்டது. வாத்தியார் ஐயா சொல்வது அப்படியே சரி, ஆசிட் உடனே சொல்லிவிடும். சுரீர் என்றது, கேனைப் போட்டுவிட்டு ஓடைக்கு ஓடினேன். கொப்புளத்தோடு போயிற்று. அது எந்த மாதிரி சுரீர் என்றால், முசுறு கடித்த மாதிரி. அப்படித்தான் இருக்குமாம், முசுறு பீய்ச்சுவதும் பார்மிக் ஆசிட்தான். 1671இலேயே ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இதை எடுத்திருக்கிறார். எத்தனை எறும்பு பிடித்தாரோ!

ஆச்சிவீடு

சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எங்கள் ஆச்சி வெற்றிலை போடுவார்கள். முன்பு சின்ன டப்பியில் சுண்ணாம்பு இருக்கும், பிறகு பிளாஸ்டிக் பாக்கெட் வந்தது. என் சித்தி மகனுக்கு அப்போது நாலு வயது, பாக்கெட்டை இரண்டு கையாலும் அமுக்கியிருக்கிறான், மூடி தெறித்து சுண்ணாம்பு முழுக்க வலது கண்ணில். ஒருவர் தாய்ப்பால் விடச் சொல்கிறார், ஒருவர் நல்லெண்ணெய் என்கிறார், ஆளாளுக்கு ஒன்று. தாத்தாதான் அவனைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய் கண்ணில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார். ஆஸ்பத்திரியில் இமையைத் திருப்பிப் போட்டு, ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துணுக்கை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அந்தத் துணுக்கு உள்ளேயே இருந்தால் கரைந்து கரைந்து எரித்துக்கொண்டே இருக்குமாம். பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இப்போது கல்லூரிக்குப் போகிறான்.

தினமும் வாயில் போடுகிற பொருள் என்பதால் அதை ஆபத்தாகவே நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

மொட்டைமாடி

எல்லோரும் சேர்ந்து ஆசிட்டை அப்பாவி ஆக்கிவிடாதீர்கள். நான் பாத்ரூம் தரையில் ப்ளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, கறை போகவில்லையே என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றியவன். வந்தது குளோரின் வாயு. கதவு திறந்திருந்ததால் இதை எழுதுகிறேன். மூன்று நாள் இருமல். தனித்தனியாக இரண்டும் சுத்தம் செய்யும், சேர்ந்தால் ஆளைச் சுத்தம் செய்துவிடும்.

களர்க்காடு

எங்கள் நிலம் திருச்சி பக்கம். மண் பரிசோதனையில் பி.எச். 9.2 என்று வந்தது, களர். வெயில் காலத்தில் மேலே வெள்ளையாகப் பூக்கும், மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, பயிர் மஞ்சளாகிச் சாகும். அந்தக் காலத்தில் இப்படிப் பூத்த உவர்மண்ணைத்தான் வெள்ளாவிக்கு அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அப்பா சொல்வார். துணி வெளுக்கிற மண்ணில் நெல் எங்கே விளையும்?

நானும் காரத்துக்கு ஆசிட் என்று பள்ளிக்கூடக் கணக்கில் யோசித்தவன்தான். வேளாண் அலுவலகத்தில் ஜிப்சம் போடச் சொன்னார்கள். ஜிப்சம் ஆசிட்டே இல்லையே என்று சண்டை போட்டேன். விஷயம் வேறாம். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது சோடியம், ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், தள்ளப்பட்ட சோடியத்தை நாம் தண்ணீர் கட்டி வடித்து வெளியேற்ற வேண்டும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் காசுதான் கரையும், முதல் வருடம் எனக்குக் கரைந்தது. பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, களர் தாங்குகிற திருச்சி 1 நெல் ரகம் நட்டேன். மூட்டை கணக்கு இப்போது வெளியே சொல்லும்படி இருக்கிறது.

சோப்புச்சட்டி

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கூத்தும் நடந்தது. போன மாதம் எஃகுப் பாத்திரம், கையுறை, கண்ணாடி எல்லாம் வைத்துக்கொண்டு மஞ்சள் சோப்பு செய்தேன். தங்க நிறத்தில் வரும் என்று பார்த்தால், மஞ்சள் தூளைப் போட்டதுமே செங்கல் நிறமாகிவிட்டது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு "ஆரத்தி கரைச்சிட்டியா?" என்றார். யோசித்தால் அதேதான், மஞ்சளும் சுண்ணாம்பும். இந்த முறை அத்தைக்குத்தான் வேதியியல் தெரிந்திருக்கிறது.

சார், நிறம் சிவப்பாக இருந்தால் இன்னும் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தமா?

பழைய வாத்தியார்

இல்லை. மஞ்சள் 8ஐத் தாண்டினாலே சிவக்கத் தொடங்கும், நல்ல சோப்பே 9க்கு மேல் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாலு வாரம் காயவிடுங்கள். அந்த ஓட்டைச் சட்டி என்ன ஆயிற்று?

சோப்புச்சட்டி

அத்தை அதில் மண் போட்டுக் கற்றாழை வைத்திருக்கிறார். தண்ணீர் நன்றாக வடிகிறதாம்.