ஐப்பசியில் ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரமா?

கொட்டியாரக்கரை:
தீபாவளியை ஒட்டி நண்பர்களுடன் இலங்கை மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். முகாமிடத்துக்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி கேட்டிருக்கிறோம். நிலாவெளிக் கடற்கரை மணலில் வளர்ந்தவர்கள் 2,100 மீற்றர் உயரத்துக் குளிரை ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டாமா? யார் வருகிறீர்கள்?

மூதூர் ஆசிரியை:
தம்பி, போவதை நான் தடுக்கவில்லை. ஐப்பசியில் கூடாரத்தில் படுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒக்டோபர், நவம்பரில் அங்கே காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் தாண்டினால் இடியும் மின்னலும்தான். கூடாரச் சீலை மின்னலைத் தடுக்காது. நனைந்த உடுப்போடு அந்தக் குளிரில் கிடந்தால் உடல் சூடு இறங்கி நாக்குக் குழறும், விரல்களால் பொத்தானைக்கூடப் பூட்ட முடியாது. பக்கத்தில் இருப்பவரோ வெறும் களைப்பு என்று நினைத்துவிடுவார். பக்கத்து ஊரான ஒஹியவில் அறை எடுத்து, விடியற்காலையில் உள்ளே போங்கள்.

கொட்டியாரக்கரை:
அக்கா, அறையில் தங்குபவர்கள் மூடுபனி ஏறுமுன் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு ஓடிப் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அதுவா மலையைப் பார்ப்பது? வாகனங்கள் இறங்கிய பிறகுதான் மரைகள் என்ற பெரிய மான்கள் பயமின்றிப் புல்வெளிக்கு வரும். கடாவின் பிடரி மயிரில் பனித்துளி கோத்து நிற்பதைச் சென்றமுறை கண்டேன். அதற்காகவே மறுபடியும் போகிறேன்.

சாம்பல்தீவு வாசகன்:
இருவரும் மனிதரைப் பற்றியே பேசுகிறீர்கள். 1988இல் தேசியப் பூங்காவாகவும் 2010இல் உலக மரபுரிமையாகவும் ஆன இடம் அது. மகாவலிக்கு நீர் ஊறும் இடங்களில் ஒன்று. அந்த நீர் கடைசியில் நம் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. மரக்கிளைப் பாசி மூடுபனியை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு விடுகிறது. அந்த மரங்களோ நின்ற நிலையிலேயே பட்டுக்கொண்டிருக்கின்றன. வாயிலில் பொலித்தீனைச் சோதித்து வாங்கிவைத்தும், உணவு மணக்கும் உறையை மரை தின்றுவிடுகிறது. இரவில் எவருமே தங்கக்கூடாது என்பேன்.

மூதூர் ஆசிரியை:
அதை நான் ஏற்கமாட்டேன். குறித்த இடத்தில் சிலர் தங்குவதைவிடப் பகலில் குவியும் கூட்டமே அதிகம் குப்பை போடுகிறது. என் கவலை மாதத்தைப் பற்றியது. மாசிக்குத் தள்ளிவையுங்கள்.

கொட்டியாரக்கரை:
எங்களில் பாதிப்பேருக்குக் கடல்தொழில். வாடைக்காற்றில் படகு கரையில் கிடக்கும்போதுதான் ஓய்வு. மாசியில் கடல் அடங்கிவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

மூதூர் ஆசிரியை:
அப்படியானால் பொங்கல் கழிந்த கையோடு போங்கள். உறைபனி இருக்கும், ஆனால் அதற்குக் கம்பளி உண்டு. மின்னலுக்கு என்ன செய்வீர்கள்?

கொட்டியாரக்கரை:
தையைப் பற்றி இன்றிரவே நண்பர்களிடம் கேட்கிறேன், அக்கா. அறை மட்டும் எடுக்கமாட்டோம்.