மந்திரக் கதை படித்தபோது மனதில் நின்றுவிட்ட ஒரு நிமிடம்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களே, பகிருங்கள்

சாட்ஸ்வொர்த் அக்கா:
ஹாரி பாட்டர் ஏழாம் பாகம் (2007). மகிள் வீட்டில், அதாவது மந்திரம் தெரியாதவர்கள் வீட்டில் பிறந்த மந்திரவாதிகளை மந்திர அமைச்சகம் கூப்பிட்டு விசாரிக்குமே, அந்த இடம். தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மந்திரக்கோலை யாரிடமிருந்து எடுத்தாய் என்று அமைச்சக அதிகாரி அம்பிரிட்ஜ் கேட்கிறாள், விசாரணைக்கு வந்த பெண் அழுகிறாள். பேத்தியை அழைத்துப்போக வந்திருந்த ஓர் ஆயா விறுவிறுவென்று முன்னால் வந்து, மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துப் பேத்தியின் முடிக்குள் சொருகினார். "தலைய ஆட்டு." நல்ல சுருட்டை முடி, பென்சில் அசையவில்லை. "விழலன்னா நீ வெள்ள இல்ல. எங்க தெருவுல ஒரு வீட்டுப் பொண்ணுக்கு இப்படித்தான் பாத்தாங்க." ஒரு பையன் கேட்டான்: "விழுந்திருந்தா, ஆயா?" "வேற ஸ்கூலு, வேற பஸ்ஸு. எங்கூட வெளையாட விட்டிருக்க மாட்டாங்க." ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிவு செய்த 1950-ன் மக்கள் பதிவுச் சட்டத்தை நான் எத்தனை முறை நடத்தினாலும் இப்படி ஏறாது.

பீனிக்ஸ் வாசகன்:
பத்து வயதுக்கு ஏழாம் பாகமா, அக்கா? மூன்றாவதே போதும். ஆசிரியர் லூபின் வேலையை விட்டுப் பெட்டி கட்டும் இடத்தில் என் மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். "அவர் யாரையும் கடிக்கலையே, ஏன் போகணும்?" ஓநாய் மனிதன் பாடம் எடுக்கிறான் என்று தெரிந்தால் பெற்றோர் விடமாட்டார்கள், அவ்வளவுதான் காரணம். ஆனால் இந்தக் கதையைத் தலையில் வைத்துக் கொண்டாட எனக்கு மனசில்லை. மந்திரவாதிகள் வீட்டில் அடிமை வேலை செய்யும் எல்ஃப்கள், விடுதலையாகிச் சம்பளம் வாங்கும் டாபி என்ற எல்ஃபைக் கண்டு ஒதுங்குகின்றன, ஹாரியின் தோழி ஹெர்மயனி அவற்றுக்காகப் பேசினால் எல்லாரும் சிரிக்கிறார்கள். 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் நாம். நமக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

லெனேசியா அம்மா:
தம்பி, குறை சொல்வதைவிட வேறு புத்தகம் கொடுங்கள். நூலகத்தில் அல்பினிசம் (பிறவியிலேயே தோலும் முடியும் வெளிறியிருப்பது) உள்ள ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்ததும், ஒரு தாய் தன் குழந்தையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அன்றே என் பிள்ளைகளுக்கு நெடி ஓகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்' (2011) எடுத்தேன். நைஜீரியாவில் நடக்கிறது. நாயகி சன்னிக்கு அல்பினிசம், பள்ளியில் கேலி. 'சிறுத்தை மக்கள்' என்ற மந்திரவாதிகளின் உலகத்திலோ, ஊர் குறை என்று சொல்வதுதான் ஒருவரின் மந்திர ஆற்றலுக்கே வேர். படிக்கும்போது நடுவில் நிறுத்தி விளக்கம் கொடுக்காதீர்கள். யார் பக்கம் நிற்பாய் என்று மட்டும் கேளுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் குறைவு, தொற்றாது, சாபமில்லை என்பதைப் பிறகு சொல்லுங்கள். மூத்தி என்ற நாட்டு மருந்து செய்வதற்காக அல்பினிசம் உள்ளவர்களைக் கொல்கிற கொடுமை நம் நாட்டிலும் நடந்திருக்கிறது என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். தூங்கும் நேரத்தில் மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.

மாரிட்ஸ்பர்க் முருகனடிமை:
அறிவுரை இருக்கட்டும் அம்மா, அனுபவம்தானே கேட்டார்கள். என் மகன் இரவல் கொடுத்த மந்திரக் கதையை அவன் நண்பன் மறுநாளே திருப்பிவிட்டான். வீட்டில் பிசாசு வேலை என்றார்களாம். கூடவே ஒரு கேள்வி: "உங்க அப்பா நாக்குல வேல் குத்திக்கிட்டு காவடி எடுக்கிறாரே, அவரும் சூனியக்காரரா?" மகன் நெற்றியில் திருநீறு இருந்தது, கையால் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். விரதமிருந்து எடுக்கிற வேண்டுதலடா அது என்று அன்றிரவு முழுக்கப் பேசினேன். அவனுக்கு என் பேச்சு போதவில்லை, நண்பனிடம் கொடுக்க ஒரு கதை வேண்டும் என்கிறான். காவடி எடுக்கும் வீட்டுப் பிள்ளை நாயகனாக வரும் மாயக் கதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு முன்னால் வேண்டும்.