எண்ணூர் கழிமுகத்தில் வளைந்த அலகுப் பறவை: கர்லூவா, விம்ப்ரலா?

வடசென்னைவாசி:
அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷன் பக்கம், கழிமுகச் சேற்றில் 2 பறவை. பழுப்பு உடம்பு, நீளக் கால், கீழ்நோக்கி வளைந்த அலகு. காலை 10 மணி, தூரம் 150 மீட்டர் இருக்கும், கையில் 8x42 பைனாகுலர். ஒன்றுக்கு அலகு ரொம்ப நீளம், இன்னொன்றுக்குக் குட்டை. நீளமானது கர்லூ, குட்டையானது விம்ப்ரல் என்று பதியலாமா? இல்லை, அரிவாள் மூக்கனா?

சேற்றுக்கால்:
அரிவாள் மூக்கன் இல்லை. வெள்ளை அரிவாள் மூக்கனுக்குத் தலையும் கழுத்தும் கறுத்த மொட்டை. இன்னொன்று, பளபளப்பான கருநிறத்தது, தூரத்தில் ஒரே இருட்டாகத் தெரியும். பழுப்பில் கோடும் புள்ளியுமாக இருந்தால் கோட்டான் வகைதான். (கோட்டான் என்றால் ஊரில் ஆந்தையைத்தான் சொல்வார்கள். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் பலரும் கர்லூ, விம்ப்ரல் என்றே எழுதுகிறோம்.)

ஆனால் அலகு நீளத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் வழுக்கும். கர்லூவில் பெட்டைக்குத்தான் நீள அலகு, 15 செ.மீ.யைத் தாண்டியும் போகும். ஆணுக்குக் குறைவு. அந்த வருடம் பிறந்த இளம் பறவைக்கு அதைவிடக் குட்டை. விம்ப்ரலுக்கு 6 முதல் 9 செ.மீ. அதனால் நீங்கள் பார்த்த இரண்டும் கர்லூவாகவே இருக்கலாம்.

தலையைப் பாருங்கள். விம்ப்ரலுக்கு உச்சியில் இரண்டு கருந்தடம், நடுவே வகிடு எடுத்தது போல் ஒரு வெளிர்கோடு, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம். கர்லூவுக்கு அப்படி எதுவும் இல்லை, முகம் வெறிச்சென்று இருக்கும். அடுத்தது வளைவு. கர்லூவின் அலகு சீராக வளைந்துகொண்டே போகும். விம்ப்ரலுடையது முக்கால்வாசி நேராகப் போய், நுனிப்பக்கம் சட்டென்று மடங்கியது போலிருக்கும்.

போட்டோ இருந்தால், அலகின் அடியிலிருந்து பிடரி வரை ஒரு அளவு எடுத்து, அலகு அதற்கு எத்தனை மடங்கு என்று பாருங்கள். 3 மடங்கை நெருங்கினால் கர்லூ. 2 மடங்கு அல்லது அதற்குள் என்றால் தலைக்கோடு தெரியாமல் பெயர் வைக்காதீர்கள். பறவை முழுப் பக்கவாட்டில் நிற்கிற படமாக இருக்கணும். கொஞ்சம் நம் பக்கம் திரும்பினாலே அலகு குறுகிவிடும். நுனி சேற்றுக்குள் இருக்கிற படம் சுத்தமாக உதவாது.

கொசஸ்தலைக்கரை:
நேரமும் இடமும்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து காலையில் பார்த்தால் கண்ணுக்கு நேரே சூரியன், தலைக்கோடு எங்கே தெரியும்? அந்தப் பக்கம் என்றால் 3:30 மணிக்கு மேல் போங்கள். காலையில்தான் முடியும் என்றால் கடலை ஒட்டிய கரையில் நின்று மேற்கே பாருங்கள். 9:30 தாண்டினால் சேற்றுக்கு மேல் கானல் ஆடும். ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) வைத்தாலும் அலகு நெளியும். 60 மடங்குக்கு ஏற்றினால் கானலும் சேர்ந்துதான் பெரிதாகும், 25, 30 போதும்.

ஓதம், அதாவது கடல் நீர் ஏறி வற்றுவதையும் பார்க்கணும். சென்னையில் பெரிய ஓதத்துக்கே ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சேறு அதிகம் வெளியே வரும். வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். துறைமுகத்துக்குப் போட்ட அட்டவணையை விடக் கழிக்குள் தாமதமாகத்தான் வற்றும், அதற்கு ஏற்ற மாதிரி போங்கள். வடகிழக்குப் பருவமழையில் பூண்டி ஏரியைத் திறந்தால் வெள்ளம் கொசஸ்தலை ஆறு வழியாக இங்கேதான் வரும், அப்போது எந்த அட்டவணையும் எடுபடாது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

கிட்டே போகிறேன் என்று சேற்றில் இறங்காதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடம் மேலே காய்ந்து கட்டியாகத் தெரியும், உள்ளே சதசதவென்று முழங்கால் வரை வாங்கும். எப்படியும் கர்லூ கிட்டே விடாது. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலே நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். அங்கேயே அசையாமல் நில்லுங்கள், இல்லை பின்வாங்குங்கள். கேமராவை அனல்மின் நிலையம், துறைமுகம் பக்கம் திருப்ப வேண்டாம், வீண் விசாரணை வரும்.

வடசென்னைவாசி:
நன்றி. பறக்கும்போது எடுத்த ஒரு மங்கல் படம் இருக்கு. முதுகின் அடியில் வெள்ளை தெரியுது. அப்போ கர்லூதானே?

சேற்றுக்கால்:
அதை வைத்துச் சொல்ல முடியாது. விம்ப்ரலிலும் ஒரு துணையினத்துக்கு முதுகின் அடி வெள்ளைதான். கிழக்கே இருந்து வரும் துணையினத்துக்கு அங்கே கோடுகள் இருக்கும். அதே படத்தில் இறக்கையில் அகல வெள்ளைப் பட்டையும் கறுத்த வால் நுனியும் இருந்தால் கதையே வேறு, அது கருவால் மூக்கன். ஆனால் அதன் அலகு நேரானது, அடிப்பக்கம் இளஞ்சிவப்பு.

பறக்கும்போது குரலைப் பிடியுங்கள். 'கர்ர்-லீ' என்று ஏறி இழுத்தால் கர்லூ. ஒரே சுருதியில் ஆறேழு முறை 'டிடிடிடிடி' என்று விசிலடித்தால் விம்ப்ரல். தூரத்தில் இதை விட நல்ல அடையாளம் இல்லை. போனில் 20 விநாடி பதிவு போதும். ஆனால் குரலைத் திருப்பி ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள்.

இப்போதைக்கு இபேர்டில் (பறவைப் பதிவுக்கான இணையதளம்) இரண்டையும் 'நியூமீனியஸ்' என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். அடுத்த முறை தலை தெரிந்தால் அன்றைய பதிவில் இனப்பெயர் போடலாம்.