'மா' உங்களைத் தடுக்கிவிட்ட கதை உண்டா?

சிம்மக்கல்:
நன்னூல் கணக்குப்படி ஓரெழுத்து ஒருமொழிகள் 42. அவற்றில் 'மா'வும் ஒன்று. மாமரம், விலங்கு, குதிரை, பெரியது என்று அகராதியில் அதற்குப் பொருள்கள் நிறையவே உண்டு. அதை யாரும் புரட்டிக்கொள்ளலாம். கடையிலோ கல்யாண வீட்டிலோ வெளியூரிலோ இந்தச் சொல் உங்கள் காலைத் தடுக்கியிருந்தால் அதை எழுதுங்கள்.

மேலூர்:
என் தங்கைக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. "மாப்பிள்ளைக்கு ஆறு மா இருக்கிறது" என்றார் தரகர். அத்தை முகத்தைச் சுளித்து, "ஆறு மாமரத்தை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது?" என்று கேட்டுவிட்டார். கூடத்தில் ஒரே சிரிப்பு. பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் எங்களுக்கு ஏக்கரும் சென்டும்தான் பழக்கம். டெல்டாவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். ஆறு மா என்றால் 2 ஏக்கர் நஞ்சை. மாப்பிள்ளையின் தாத்தா அதோடு விடவில்லை. பழைய கணக்கில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, இரண்டையும் கூட்டினால் 1/16, அதனால்தான் அதற்கு 'மாகாணி' என்று பெயர் என்று வெற்றிலைக் காம்பால் தரையில் கோடு போட்டே காட்டினார். வேலியில் இருபதில் ஒரு பங்காக வருவதும் அதே மாதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: "அது சரி, அந்த நிலத்தில் மாமரம் இருக்கிறதா, இல்லையா?"

மாட்டுத்தாவணி:
பழ மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கர்நாடகத்திலிருந்து வந்த லாரி ஓட்டுநர் 'மாவின ஹண்ணு' என்றார். புதிதாகச் சேர்ந்த பையன், மாவு மூட்டை தவறி நம் கடைக்கு வந்துவிட்டது என்று வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டான். தார்ப்பாயை அவிழ்த்து மணம் மூக்கில் ஏறிய பிறகுதான் வழிவிட்டான். கன்னடத்தில் 'மாவு' என்றால் மா. பால் அங்கே 'ஹாலு' ஆவதுபோல் பழம் 'ஹண்ணு' ஆகிவிடும். அரைக்கும் மாவுக்கு அவர்கள் சொல்வது 'ஹிட்டு'.

கோரிப்பாளையம்:
வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர் யாரையும் கேளுங்கள், முதலில் ஒட்டிக்கொண்ட அரபுச் சொற்களில் 'மாஃபி' நிச்சயம் இருக்கும். இல்லை என்று பொருள். 'ஃபுலூஸ் மாஃபி' என்றால் கையில் காசில்லை. மாதக் கடைசியில் வீட்டில் இன்றும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் 'மாஷா அல்லாஹ்' என்பதில் இருக்கும் மா, இல்லை என்னும் மா அல்ல. 'இறைவன் நாடியது எதுவோ' என்பதில் வருகிற 'எது'. போதாக்குறைக்கு அங்கே தண்ணீரும் 'மாய்'.

திருப்பரங்குன்றம்:
கணவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். 'மா இல்லு' என்றால் எங்கள் வீடு, கேட்பவருக்கு அதில் பங்கில்லை. 'மன இல்லு' என்றால் நம் வீடு. கல்யாணமான புதிதில் மாமியார் எதற்கு எதைச் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். கரண்ட் பில் கட்டும் நாளில் மட்டும் அது தவறாமல் 'மன இல்லு'.

பழங்காநத்தம்:
சிங்கப்பூரில் கூட வேலை பார்த்த சீன நண்பர் சொன்னது: குரலை ஏற்றி இறக்கினால் 'மா' அம்மாவும் ஆகும், சணலும் ஆகும், குதிரையும் ஆகும், திட்டுவதும் ஆகும். நான்கையும் சொல்லிக் காட்டினார். எனக்கு நான்கும் ஒன்றாகத்தான் கேட்டன. தமிழிலும் மா என்றால் குதிரை. இங்கிருந்து போன சொல் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும், ஐயா?

சிம்மக்கல்:
வேண்டும்தான் தம்பி. மாங்காய் போன வழியைப் பாருங்கள். மேற்குக் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் அதை 'மங்கா' ஆக்கினார்கள், பிறகு அது ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆனது. சரக்கு, கப்பல், இடைப்பட்ட வடிவம் மூன்றும் கையில் இருக்கின்றன. குதிரைக்கு அப்படி ஒன்றும் இல்லை. நம் 'மா' விலங்குக்கே பொதுச்சொல். 'மாவும் மாக்களும் ஐயறி வினவே' என்கிறது தொல்காப்பியம். குதிரை அதில் அடக்கம். சீனச் சொல்லுக்கோ பழைய ஒலிப்பு 'ம்ரா' போன்றது என்று மொழியியலார் மீட்டெடுத்திருக்கிறார்கள். பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை குறைகிறது. அம்மாவைக் குறிக்கும் மா, குழந்தை உதட்டைச் சேர்த்துத் திறந்தாலே வந்துவிடும் ஒலி. அதற்கு யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

பழங்காநத்தம்:
குதிரையை விட்டுவிடுகிறேன். 'நீ ஹாவ் மா' என்றால் நலமா என்று கேட்பது. அவர்கள் கேள்விக்குக் கடைசியில் 'மா' வைக்கிறார்கள். நாமும் 'நலமா', 'போகலாமா' என்கிறோமே?

சிம்மக்கல்:
அந்த 'ம்' நலத்திலும் போகலாமிலும் ஏற்கெனவே இருப்பது. கேள்விக்கு நாம் சேர்ப்பது 'ஆ' மட்டும். 'வந்தானா', 'பாலா' என்று கேட்டுப் பாருங்கள், அதில் மா எங்கே இருக்கிறது?