அரக்குச் சிட்டத்தை வைத்தால் வெளிச்சம் பச்சையாகிறது: சென்சார் பழுதா?

கேள்வி: காஞ்சி சாயப்பட்டறை

வணக்கம். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் குடும்பம் எங்களுடையது. உடலுக்கு ஒரு நாள், கரைக்கு ஒரு நாள் என்று சாயம் போடுகிறோம். போன மாதத்து அரக்கும் இந்த மாதத்து அரக்கும் ஒன்றுபோல் இருந்தால்தான் தறிக்காரர் நூலை வாங்குவார். அப்பா வடக்கு ஜன்னலில் பிடித்துத்தான் பார்ப்பார். ஐப்பசியில் நான்கு மணிக்கே வானம் இருண்டுவிட்டால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

அதற்காக ஒரு பெட்டி செய்தேன். இரண்டடிப் பிளைவுட், உள்ளே பளபளப்பான வெள்ளைப் பெயின்ட், மேலே அலுமினியத் தகட்டில் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள், அவற்றின் கீழே பால்நிற அக்ரிலிக். இஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லு வழியாக 1000 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம், அதாவது எல்இடியை வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை. 6500 கெல்வின் பகல் வெளிச்சம்தான் குறி.

முதலில் சென்சார் இல்லை. அரை மணி நேரத்தில் தகடு கை வைக்க முடியாத அளவு சுட்டது, வெளிச்சம் நீலம் கலந்த பச்சைக்குப் போனது. பிறகு டிசிஎஸ்34725 நிறச் சென்சாரை வாங்கிப் பின்சுவரில் பதித்தேன். மூன்று நிறங்களின் விகிதம் மாறாமல் நிரல் பார்த்துக்கொள்ளும். காலிப் பெட்டியில் இரண்டு மணி நேரம் ஓடியும் நிறம் அசையவில்லை. ஆனால் அரக்குச் சிட்டத்தை (சாயமேற்றிய நூல்கட்டை) உள்ளே வைத்த பத்தே வினாடியில் சிவப்பின் பிடபிள்யூஎம் எண் 148-இலிருந்து 121-க்கு இறங்குகிறது, வெளிச்சம் பச்சையாகிறது. வேறு சென்சார் மாற்றினேன், அதுவும் அப்படியே. எண்களும் ஓயாமல் ஆடுகின்றன. எங்கே தவறு?

மறுமொழி: விளக்குப் பட்டறை, கோவை

சென்சாரில் பழுதில்லை தம்பி. நீங்கள் சொன்னதை அது ஒழுங்காகச் செய்கிறது. அது இருக்கும் இடம்தான் தவறு.

பின்சுவரில் இருக்கும் சென்சாருக்கு விளக்கும் தெரிகிறது, நூலும் தெரிகிறது. அரக்கு நூல் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. பளபளப்பான வெள்ளைச் சுவர் அதைப் பெட்டி முழுக்கச் சுற்றவிடுகிறது. சிவப்பு கூடிவிட்டது என்று எண்ணி நிரல் சிவப்பைக் குறைக்கிறது. எம்.எஸ். நீலச் சிட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள், வெளிச்சம் மஞ்சளடிக்கும்.

சென்சாரைக் கழற்றி அக்ரிலிக்குக்கு மேலே, எல்இடிகள் இருக்கும் அறையிலேயே, தகட்டை நோக்கி வையுங்கள். சுற்றிலும் கறுப்புத் தாளில் ஒரு சின்னக் குழல் போட்டுவிடுங்கள். அங்கும் நூலின் சாயல் அக்ரிலிக் வழியே கொஞ்சம் ஏறும், ஆனால் மிகக் குறைவு. சுவருக்குப் பளபளப்பில்லாத சாம்பல் பெயின்ட் அடியுங்கள். இன்றைக்கே வேலை நடக்க வேண்டுமென்றால் ஒரு சுவிட்ச் வையுங்கள்: நூல் உள்ளே இருக்கும்வரை திருத்தம் நிற்கட்டும், எடுத்தபின் தொடரட்டும். இரண்டு நிமிடத்தில் தகட்டின் சூடு பெரிதாக மாறாது.

சூட்டில் சிவப்பு ஏன் முதலில் சாய்கிறது என்றால், சிவப்பு எல்இடியின் பொருளே வேறு. பச்சையும் நீலமும் இண்டியம் காலியம் நைட்ரைடு, சிவப்பு அலுமினியம் இண்டியம் காலியம் பாஸ்பைடு. சூடேறினால் மற்ற இரண்டையும்விடச் சிவப்பே அதிகமாக ஒளி இழக்கும். ஆகவே குளிர்ந்த நிலையில் சிவப்பை முழு அளவில் ஓட்டாதீர்கள், மேலே ஏற இடம் இருக்கட்டும். ஏறி முட்டிவிட்டால் மற்ற இரண்டையும் சேர்த்துக் குறையுங்கள். வெளிச்சம் சற்று மங்கும், ஆனால் நிறம் மாறாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. அக்ரிலிக் நாளடைவில் மஞ்சளாகலாம், மேலே இருக்கும் சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. மாதம் ஒருமுறை வெள்ளை ஓடு ஒன்றை வைத்து, பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

மறுமொழி: மைக்ரோகன்ட்ரோலர் பயில்பவர்

எண்கள் ஆடுவதற்கு வேறு காரணம். உங்கள் எல்இடி ஒரு மில்லிவினாடிக்கு ஒருமுறை எரிந்து அணைகிறது. அந்தச் சென்சார் ஒளியைச் சேர்க்கும் நேரம் 2.4 மில்லிவினாடிப் படிகளில்தான் நகரும். 2.4 என்று வைத்தால் ஒருமுறை இரண்டு துடிப்பைப் பிடிக்கும், மறுமுறை மூன்றை. 50 படி, அதாவது 120 மில்லிவினாடி வையுங்கள். அதற்குள் உங்கள் துடிப்பு 120, கொட்டகையில் எரியும் டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு 12, இரண்டும் முழு எண்ணாக அடங்கிவிடும். திருத்தத்தை வினாடிக்கு ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் சிறிதளவே நகர்த்துங்கள். நாம் துரத்துவது சூட்டை, அது நிதானமாகத்தான் வரும்.

காஞ்சி சாயப்பட்டறை

அண்ணா, எம்.எஸ். நீலத்தை வைத்தேன். நீங்கள் சொன்னபடியே மஞ்சளடித்தது! நானும் அப்பாவும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். இரண்டு சென்சாருக்குக் காசு போட்டும் இது தோன்றவில்லையே.

நேற்று சென்சாரை மேலே ஏற்றி, சுவருக்குச் சாம்பல் அடித்தேன். இப்போது அரக்கை வைத்தால் சிவப்பு எண் 148-இலிருந்து 146. 120 மில்லிவினாடி வைத்ததும் ஆட்டமும் அடங்கிவிட்டது. ஆனால் இன்று காலையில் வேறொரு சிக்கல். பெட்டிக்குள் ஒன்றாகத் தெரிந்த இரண்டு அரக்குச் சிட்டங்களை அப்பா ஜன்னலில் பிடித்தார். ஒன்று செங்கல் பக்கம் சாய்ந்திருக்கிறது, மற்றது நாவல் பக்கம்.

மறுமொழி: திருப்பூர் ஆய்வுக்கூடம்

ஐயா, உங்கள் அப்பா சரியாகப் பிடித்திருக்கிறார். சென்சார் வெளிச்சத்தின் நிறத்தை மட்டுமே காக்கும். அந்த வெள்ளைக்குள் எந்தெந்த அலைநீளம் இருக்கிறது என்பதை அதனால் காக்க முடியாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றைக் கலந்த வெள்ளை கண்ணுக்குப் பகல்போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று மேடுகளும் நடுநடுவே பள்ளங்களும்தான். இரண்டு சாயமும் வேறுபடும் இடம் அந்தப் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். வெயிலில் பிரிந்துவிடும். சாயக் கலவை மாறிய இரண்டு தொகுப்புகளில் இது அடிக்கடி நடக்கும். சாயம் வாங்கும் இடத்தை நடுவில் மாற்றினீர்களா?

நிரலைத் தொட வேண்டாம், விளக்கை மாற்றுங்கள். பெரும்பங்கு வெளிச்சம் 6500 கெல்வின் வெள்ளை எல்இடியிலிருந்து வரட்டும். மூன்று நிறங்களும் சிறு திருத்தத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

காஞ்சி சாயப்பட்டறை

ஆமாம், சிவப்புச் சாயத்தைப் புரட்டாசியில் வேறு கடையில் வாங்கினோம். வெள்ளை எல்இடி வாங்கும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

மறுமொழி: திருப்பூர் ஆய்வுக்கூடம்

ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி, அடர்சிவப்பு அதில் சேராது. அதற்கென்று தனியாக ஆர்9 என்ற எண் உண்டு. உங்களுக்கு அரக்குதான் பிழைப்பு, ஆகவே சிஆர்ஐ 90-க்கு மேல் இருக்கட்டும், ஆர்9 எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம். விளக்கு வந்ததும் முதலில் அந்த இரண்டு சிட்டங்களையே உள்ளே வையுங்கள். ஜன்னலில் பிரிந்ததுபோல் பெட்டியிலும் பிரிய வேண்டும்.