முதன்முதலாகப் பாம்பு வளர்க்க ஆயத்தம் செய்தவர்களே, உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

கோண்டாவில் வாசகன்:

கனடாவில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, என் பெறாமகன் கோர்ன் பாம்பு ஒன்றை வாங்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். வீடுகளில் வளர்க்கப்படும், நஞ்சற்ற வட அமெரிக்கப் பாம்பினம் அது. எனக்கு மறக்க முடியாமல் இருப்பது அவனுடைய வெற்றுக் கண்ணாடிப் பெட்டி. வீட்டில் எல்லோரும் படுத்த பின்னர், பெட்டியின் சூடான பக்கம் 29 பாகை செல்சியசிலும் குளிர்ந்த பக்கம் 24 பாகையிலும் நிற்கின்றனவா என்று டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு வெப்பமானிகளையும் மாறி மாறிப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். உள்ளே ஓர் உயிரும் இல்லை. "இல்லாத பாம்புக்கு ஏன் அப்பு இரவிரவாக முழிச்சிருக்கிறாய்?" என்று அண்ணி கேட்டார். "வந்த பிறகு பிழை கண்டுபிடிச்சால் அதுதானே அம்மா கஷ்டப்படும்" என்றான்.

ஊர் திரும்பி இதைச் சொன்ன நாளிலிருந்து என் மகனும் கேட்கத் தொடங்கிவிட்டான். வளவுக்குள் திரியும் சாரையைப் பிடித்து வளர்த்தால் என்ன என்பது அவனுடைய கேள்வி. கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவனுக்குக் காரணத்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். வளர்த்தவர்களும், ஆயத்தம் செய்து கைவிட்டவர்களும், அருகிலிருந்து பார்த்தவர்களும் மனத்தை விட்டு அகலாத ஒன்றை எழுதுங்கள்.

நெல்லியடி:

உங்கள் மகனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் ஒழுங்கையில் பாம்பென்றால் உயிரை விடும் பையன் ஒருவன் இருந்தான். சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும் நஞ்சற்ற வரிப்பாம்பு அவனுக்கு நல்ல பழக்கம். அதில் ஒன்றை வளர்ப்பதற்காகப் பிஸ்கற் ரின்னுக்குள் தும்பு பரப்பி, மூடியில் ஆணியால் துளைகள் இட்டு, தண்ணீருக்குச் சோடா மூடி ஒன்றும் வைத்து ஆயத்தமாக இருந்தான். மாரி மழை ஓய்ந்த ஓர் இரவில், கிணற்றடியில் அகப்பட்டதென்று ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் ஒன்றை அடைத்துக்கொண்டு என்னிடம் காட்ட ஓடி வந்தான்.

போத்தலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கழுத்தில் இருக்க வேண்டிய அகன்ற வெள்ளைப் பட்டை இல்லை. முன்னுடல் வெறுங்கறுப்பாக இருந்தது. சற்றுப் பின்னாலேயே மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தொடங்கின. முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியனவாக, அறுகோண வடிவில், கண்ணாடியோடு அழுந்தித் தெரிந்தன. கட்டுவிரியன். பையனின் பெருவிரல் அப்போதும் மூடியின் விளிம்பில் இருந்தது.

அதன் கடி பல வேளைகளில் நோகாது. நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரை நித்திரையிலேயே கடித்துவிட்டுப் போகும். வயிற்று நோவென்று எழும்புபவருக்குப் பின்னர் கண் இமைகள் தொங்கும். அதன் பின் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வேலியிலும் கிணற்றடியிலும் பிடித்து வளர்ப்பதென்ற பேச்சையே நான் ஏற்க மாட்டேன். எத்தனை பாம்புகளைப் பார்த்துப் பழகிய பிள்ளையாயினும் இரவில் ஒரு முறை மாறிவிட்டால் போதும்.

ஸ்காபரோவிலிருந்து, முன்னர் உரும்பிராய்:

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், "போல் பைத்தன்" என்ற சிறிய ஆபிரிக்க மலைப்பாம்பையும் பெட்டியையும் சூட்டுப் பாயையும் ஒரே நாளில் வாங்கி வந்தது. சில வாரங்களின் பின் நான் போய்ப் பாம்பைத் தூக்கியபோது, வயிற்றுச் செதில்கள் ஒரு வரிசையாகப் பழுப்பேறி, ஈரமாகிக் கழன்றிருந்தன. சூட்டுப் பாய்க்கு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ரற் பொருத்தப்படவில்லை. அது வெந்துகொண்டே அந்த இடத்தில் கிடந்திருக்கிறது. பாம்பு வயிற்றுக்குக் கீழ் வரும் கடுஞ்சூட்டை உணர்ந்து விலகிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளை "அது அசையாமல் இருந்தபடியால் விருப்பமாக்கும் என்று நினைச்சோம்" என்று சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது.

ஆகவே கோண்டாவில் அன்பர் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் பெட்டி, அதன் பின்னர்தான் பாம்பு. தெர்மோஸ்ரற் இல்லாத எந்தச் சூட்டுக் கருவியையும் மின்னோடு இணைக்க வேண்டாம். போல் பைத்தனுக்குச் சூடான பக்கம் 31, 32 பாகை அளவிலும் குளிர்ந்த பக்கம் 25, 26 பாகை அளவிலும் இருக்க வேண்டும். ஈரப்பதன் 60 சதவீதத்தை அண்டி நிற்பது நல்லது, குறைந்தால் தோல் துண்டு துண்டாக உரிந்து கண்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒளிந்திருக்க இரண்டு மறைவிடங்கள் வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று. ஒன்றை மட்டும் வைத்தால், பயத்துக்கும் வெப்பநிலைக்கும் இடையில் எதைத் தெரிவதென்று பாம்பு அல்லற்படும். மூடிக்குப் பூட்டு அவசியம். கோர்ன் பாம்பு தன் தலை நுழையும் இடைவெளி எதிலும் உடலையும் நுழைத்துவிடும்.

காட்டில் பிடிபட்டதை வாங்காமல், அடைப்பில் பிறந்து வளர்ந்த குஞ்சையே வாங்குங்கள். விற்பவரிடம் அது கடைசியாக எப்போது, எதைத் தின்றது என்று எழுதிக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் கண் முன்னே ஊட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் தூக்க வேண்டாம், அதன் பின்னரே உணவு கொடுங்கள். உணவுக்குப் பின் இரண்டு நாட்கள் கை வைக்க வேண்டாம், வைத்தால் விழுங்கியதைக் கக்கிவிடும். போல் பைத்தன் மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பதுண்டு. உடல் மெலியாவிட்டால் அது நோயன்று. இன்னொன்று: ரொறன்ரோ மாநகர விதியின்படி நஞ்சுப் பாம்புகளையும் 3 மீற்றருக்கு மேல் வளரும் இனங்களையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. பெறாமகன் அடுத்த ஆண்டில் பெரிய மலைப்பாம்புக்கு ஆசைப்படுவான், அப்போது இதைச் சொல்லுங்கள்.

வேலணை ஆசிரியை:

ஸ்காபரோ அன்பர் எழுதியவை ஸ்காபரோவுக்குப் பொருந்தும். கேள்வி கேட்டவர் கோண்டாவிலில் இருக்கிறார். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் எங்கள் வீடுகளில் 32, 33 பாகை சர்வசாதாரணம். சீற் போட்ட அறையென்றால் அதற்கும் மேல். இங்கே பெட்டியைச் சூடாக்குவது பிரச்சினையே இல்லை, அதன் குளிர்ந்த பக்கத்தைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் பிரச்சினை. 2022 பங்குனி இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரத்தை நம்பி ஓர் உயிரை அடைத்து வைப்பவர் அதற்கும் ஒரு வழி யோசித்திருக்க வேண்டும்.

நான் எழுத வந்தது வேறு. சிறுவயதில், நயினாதீவுத் திருவிழாவுக்குப் படகேறக் குறிகட்டுவான் துறையில் காத்திருந்தபோது, பாம்பாட்டி ஒருவர் கூடையைத் திறந்து நாகத்தை வெளியில் எடுத்தார். நாகபூசணி அம்மனிடம் போகும் சனமல்லவா, எல்லோரும் கைகூப்பினார்கள். யாரோ ஒருவர் தட்டில் பால் ஊற்றி வைத்தார். அது தலையைத் தாழ்த்தி வாயைத் திறந்தது. நான் கூடைக்கு மிக அருகில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நச்சுப் பற்கள் இருந்த இடத்தில் வீங்கிய சிவந்த சதையும் மஞ்சட் சீழும் தெரிந்தன. நாகங்களுக்குப் பால் உணவன்று, அதைச் செரிக்கவும் அவற்றால் முடியாது. தாகத்தில் தவித்த பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும். கும்பிட்ட கைகளில் ஒன்றுகூட அந்த வாயைப் பார்க்கவில்லை.

சட்டத்தையும் மகனுக்குச் சொல்லுங்கள். வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937 இல் வந்து, 2009 இல் பெரிய திருத்தத்துக்கு உள்ளானது. எங்கள் நாட்டு மலைப்பாம்பான வெங்கிணாந்தி அதன் பாதுகாப்பில் இருக்கிறது. மலைப்பாம்பு இனங்கள் யாவும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றீஸ் உடன்படிக்கைப் பட்டியல்களில் அடங்குவதால், போல் பைத்தனைப் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்குவதும் குற்றமே. உண்மையைச் சொன்னால், எந்தப் பாம்பையும் எந்தப் பெட்டிக்குள்ளும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஹரோ, தாய் ஊர் சாவகச்சேரி:

ஆயத்தம் என்றால் பெட்டி, வெப்பம், சட்டம் என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். என் தம்பி அவை அனைத்தையும் குறையில்லாமல் செய்திருந்தான். கோர்ன் பாம்பு வருவதற்கு முதல் வாரமே எலிக்குஞ்சுகளை வாங்கி உறைபெட்டியில் வைத்துவிட்டான். கந்தசஷ்டி விரத காலம். தேங்காய்ப்பூப் பொதியை எடுக்கக் கையை விட்ட அம்மாவின் கையில் அந்தப் பொலித்தீன் பை அகப்பட்டது. ரோசா நிறத்தில், கண் திறவாத ஐந்து குஞ்சுகள், பைக்குள் உறைபனி படிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அம்மா கத்தவில்லை. பையைத் திரும்ப வைத்து, கதவைச் சாத்தி, கையைக் கழுவினார்; துடைத்துவிட்டு மீண்டும் கழுவினார். அன்றைக்கு அவர் பாலும் பழமும்கூட எடுக்கவில்லை. இரவில் தம்பியிடம் அவர் கேட்டது ஒன்றே: "அது சாப்பிடத்தான் வேணும், எனக்கு விளங்குது. என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

பின்னர் கராஜில் சிறிய உறைபெட்டி ஒன்று வந்தது. எலியை எடுப்பதற்கு வேறு இடுக்கி, உருக்குவதற்கு வேறு பாத்திரம். பையோடு சுடுதண்ணீரில் வைத்தே உருக்குவான், மைக்ரோவேவை அதற்குத் தொட மாட்டான். பாம்பைத் தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் குசினிக்குள் வரக்கூடாது, ஏனென்றால் ஆரோக்கியமான பாம்பும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லாக் கிருமியைக் காவும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை பாம்பைத் தூக்கவே கூடாது. இந்த ஒழுங்குகள் எல்லாம் அம்மாவே சொல்லி எழுதுவித்தவை. இப்போது தம்பி வேலையால் பிந்தினால், தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவதும் அவர்தான்.

கோண்டாவில் அன்பரே, உங்கள் வீடும் சைவ வீடென்றால், மகனின் கேள்வியை முதலில் குசினிக்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோங்கள்.

நெல்லியடி:

வேலணை ரீச்சர் எழுதிய நாகத்தின் வாய் பற்றி மறுப்பில்லை. ஆனால் சீழ்பிடித்த அந்த வாயையும், அடைப்பில் பிறந்த குஞ்சுக்கு வெப்பமானி பார்த்துக்கொண்டு விழித்திருந்த பிள்ளையையும் ஒரே வரிசையில் வைப்பது நியாயமன்று. முன்னவர் அந்த உயிரைப் பிடித்து உடைத்தவர். பின்னவன் அது வருமுன்னரே அதற்காகத் தன் நித்திரையை விட்டவன்.

சாரை பற்றி மகனுக்கு ஒன்று. இரண்டு பாம்புகள் எழும்பிப் பின்னிப் பிணைந்து ஆடுவதைப் பார்த்துச் சாரையும் நாகமும் சேருகின்றன என்று ஊரில் சொல்வார்கள். அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றது நிலத்தில் அமுக்கப் பார்க்கும் மல்லுக்கட்டு அது. எங்கள் வாழைத் தோட்டத்தில் நானே பார்த்திருக்கிறேன், வரம்பில் நின்ற என்னை அவை பொருட்படுத்தவேயில்லை. ரின்னுக்குள் அடைத்த சாரையிடம் இதைப் பார்க்க முடியாது. இரண்டு மீற்றருக்கு மேல் வளரும், பகலில் எலியும் தவளையும் தேடி வளவு வளவாக ஓடும் சீவன் அது. அதைத் தூரத்தில் நின்று பார்த்துப் பழகட்டும்.

ஸ்காபரோவிலிருந்து, முன்னர் உரும்பிராய்:

ரீச்சர், வெயிலும் மின்வெட்டும் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து வீட்டுக்கு என் எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் எந்தப் பாம்பையும் வளர்க்கவே கூடாது என்பதை ஏற்க முடியாது. தலைமுறை தலைமுறையாக அடைப்பில் பிறந்த கோர்ன் பாம்பைத் திரும்பக் கொண்டுபோய் விடக் காடு இல்லை. அதை யாரோ ஒருவர் ஒழுங்காகப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆயத்தத்தில் ஒருவரும் தொடாத ஒன்று காலம். கோர்ன் பாம்பு நன்றாகப் பார்த்தால் 20 ஆண்டுகள் அளவில் இருக்கும். போல் பைத்தன் 30 ஐயும் தாண்டும். சென் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 62 வயதென்று கணிக்கப்பட்ட போல் பைத்தன் ஒன்று 2020 இல் முட்டையிட்டது. 16, 17 வயதில் பாம்பு வாங்கும் பிள்ளை பல்கலைக்கழகம் போவான், வேறு நகரத்தில் வேலை எடுப்பான், கலியாணமும் கட்டுவான். கோண்டாவில் அன்பரே, உங்கள் அண்ணியிடம் கேளுங்கள்: அவன் இல்லாத வாரங்களில் எலியை உருக்கி இடுக்கியால் நீட்டப் போவது யார்? அவர்தான் என்றால், பாம்பு வருமுன்னரே ஒரு நாள் அவரையும் அந்தப் பெட்டியின் முன் இருத்தி, தெர்மோஸ்ரற்றை எப்படித் திருப்புவது, மூடியை எப்படிப் பூட்டுவது என்று பழக்கிவிடச் சொல்லுங்கள். பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தில் அவனை எழுதச் சொல்லுங்கள். எல்லா மிருக வைத்தியர்களும் பாம்பு பார்ப்பதில்லை.