கால்டர் ஃப்ரீவேயில் தினமும் பெண்டிகோ போய் வரலாமா? அவசரம்!

புதுவரவு: வணக்கம். வர்ற திங்கள்கிழமை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோவில் வேலையில் சேரணும். இப்போ மெல்பர்ன் பாயிண்ட் குக்கில் தெரிஞ்சவங்க வீட்டில் இருக்கேன். பழைய கார் ஒண்ணு பேசி முடிச்சாச்சு. கால்டர் ஃப்ரீவேயில் கங்காரு குறுக்கே பாயும்னு ஆளாளுக்கு பயமுறுத்துறாங்க. உண்மையா? டோல் எவ்வளவு ஆகும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கருங்கல்: கால்டரில் டோல் கிடையாது. நகரத்துக்குள்ளிருந்து சிட்டிலிங்க் (மெல்பர்ன் டோல் ரோடு) வழியா வந்தால்தான் டோல். நீங்க பிரின்சஸ் ஃப்ரீவே ஏறி, எம்80 ரிங் ரோடு பிடிச்சு, கால்டர் எம்79-க்குத் திரும்பணும். கீலர் தாண்டி டிக்கர்ஸ் ரெஸ்ட் வரை எரிமலைக் குழம்பு இறுகின சமவெளி. காற்றைத் தடுக்க மரமே இல்லாததால் லாரியை ஓவர்டேக் பண்ணி வெளியே வரும்போது வண்டி ஒரு தள்ளு தள்ளும், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிங்க. கிஸ்போர்னிலிருந்து ஏற்றம். மேசெடானுக்கும் வுட்எண்டுக்கும் நடுவில் பிளாக் ஃபாரஸ்ட், இருபக்கமும் யூகலிப்டஸ் காடு. பக்கத்திலேயே 1,001 மீட்டர் மேசெடான் மலை. ஜூன், ஜூலை விடியற்காலையில் மூடுபனியும் உறைபனியும் இந்த இடத்தில்தான். கீலரில் வெயில் அடிக்குதுன்னு நம்பிடாதீங்க.

மாலைவெயில்: டோலை விடுங்க தம்பி, இன்சூரன்ஸ் என்ன எடுத்திருக்கீங்க? ரெஜோவோடு (வண்டிப் பதிவு) சேர்ந்து வர்ற டிஏசி காப்பீடு ஆளுக்குப் பட்ட காயத்துக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டி ப்ராபர்ட்டி எதிராளி வண்டிக்கு. கங்காரு இடிச்சா உங்க வண்டிக்குப் பணம் கிடைக்க காம்ப்ரிஹென்சிவ் (முழுக் காப்பீடு) வேணும்.

ரிங்ரோடு_ராஜா: கங்காருவைப் பெரிசு பண்றீங்க. ஃப்ரீவே முழுக்க ஒவ்வொரு திசைக்கும் இரண்டு லேனாவது இருக்கு, பெரும்பகுதி லிமிட் 110 கி.மீ. கண்ணை மூடிட்டு ஓட்டலாம்.

கருங்கல்: கண்ணை மூடினால் அவ்வளவுதான் ராஜா அண்ணே. 110-இல் ஒரு நொடிக்கு 30 மீட்டர் போகும். பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடின்னா அதுக்குள்ளேயே 45 மீட்டர் போயிடும். லோ பீமில் அதுக்கு மேல பெரிசா ஒண்ணும் தெரியாது. விடியற்காலையும் அந்தி நேரமும்தான் மோசம். எதிரிலோ முன்னாலோ 200 மீட்டருக்குள் வண்டி இல்லாதப்போ ஹை பீம் போடுங்க. குறுக்கே வந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராக பிரேக் அடிங்க. திருப்பித்தான் பலர் மரத்திலும் தடுப்புக் கம்பியிலும் போய் விழறாங்க. இடிச்சிட்டா இடப்பக்கம் ஒதுக்கி, தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்னு, வண்டிக்கு அடியில் கூலன்ட் சொட்டுதான்னு பாருங்க. ரேடியேட்டர் நசுங்கியிருக்கும், அதோட ஓட்டினால் எஞ்சினே போயிடும்.

ரிங்ரோடு_ராஜா: அதைவிட ஆபத்து, வலது லேனில் 95-இல் உருட்டுற நம்மாளுங்க. 80-க்கு மேல் லிமிட் இருந்தா ஓவர்டேக் பண்ணும்போது மட்டும்தான் வலப்பக்கம்னு சட்டமே இருக்கு, யார் கேட்கிறா.

மாலைவெயில்: பின்னாலேயே ஒட்டிக்கிட்டு லைட் அடிக்கிறதும் நம்மாளுங்கதான்.

தெற்குவாசல்: ஃப்ரீவே பங்க்கில் காய்ஞ்ச சாண்ட்விச்சுக்கு அவன் கேட்கிற விலையைப் பத்தியும் யாராவது பேசுங்கப்பா.

காலைரயில்: கேட்டவரை விட்டுட்டு எங்கெங்கேயோ போறீங்க. புதுவரவு, மூணு விஷயம் சொல்லாம விட்டுட்டீங்க: ஷிஃப்ட் நேரம், லைசென்ஸ், விசா.

புதுவரவு: காலை 7 மணி ஷிஃப்ட். தமிழ்நாட்டு லைசென்ஸ். விசா 491 (தற்காலிக ரீஜினல் விசா), வந்து இரண்டு வாரம்தான் ஆச்சு.

காலைரயில்: அப்போ உங்க பிரச்சினை ஃப்ரீவேயே இல்லை, விசாதான். 491-இல் கண்டிஷன் 8579 இருக்கு: அரசு குறிச்ச ரீஜினல் (வெளியூர்) பகுதியில்தான் குடியிருக்கணும், வேலை பார்க்கணும், படிக்கணும். பெண்டிகோ ரீஜினல், பாயிண்ட் குக் மெல்பர்ன், அது கணக்கில் வராது. பின்னாடி நிரந்தர விசா 191-க்குப் போகும்போது கண்டிஷனை மதிச்சு நடந்தீங்களான்னு பார்ப்பாங்க. பாயிண்ட் குக்கில் வாடகைக்கு வீடு எடுக்காதீங்க. தவிர, 7 மணி ஷிஃப்ட்டுக்கு விடியறதுக்கு முன்னாலேயே கிளம்பணும். கருங்கல் சொன்ன ஆபத்து நேரமேதான் அது. லைசென்ஸை 6 மாசத்துக்குள் விக்டோரியா லைசென்ஸா மாத்தணும், புக்கிங்கை இப்பவே பார்த்து வைங்க.

கருங்கல்: ஓ, 491-ஆ! முதலிலேயே கேட்டிருக்கணும். அப்போ கங்காரு ஃபிளாட்டில் வீடு தேடுங்க (பேரைப் பார்த்து பயப்படாதீங்க). ஹார்கோர்ட்டில் ஆப்பிள் தோட்டமும் கருங்கல் பாறைகளும் தாண்டி, ரேவன்ஸ்வுட்டில் ஃப்ரீவே முடிஞ்சு, பெண்டிகோவுக்குள் நுழையற பகுதி அது. ரயில் நிலையமும் உண்டு. மில்டுரா போற கால்டர் ஆல்டர்நேட்டிவ் ரோடு ரேவன்ஸ்வுட்டில் பிரியும், அதில் மாறிப் போயிடாதீங்க.

புதுவரவு: ரொம்ப நன்றி. சனிக்கிழமை ஒரு வீடு பார்க்க நேரம் கொடுத்திருக்காங்க.

காலைரயில்: அன்னைக்குக் கார் வேண்டாம். மெல்பர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து வி/லைன் ரயில், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மார்ச் 2023-லிருந்து கட்டணம் மெல்பர்ன் தினசரி உச்சவரம்பைத் தாண்டாது. தண்டவாள வேலைன்னா பாதிவழி பஸ்தான், அதனால முந்தின நாள் ராத்திரி ஒருதரம் பார்த்துடுங்க. ஏஜென்ட்டுக்கு பாஸ்போர்ட், விசா கடிதம், ஆஃபர் லெட்டர் மூணையும் இன்னைக்கே அனுப்பி வைங்க.